பாறையைக் குடைந்தவர்களும் பார்க்கப் போகிறவர்களும்

திருமறையைப் பொருளுணர்ந்து ஓதுகின்றவர்கள் ஒரு செய்தியைக் கவனித்திருப்பார்கள். பூமியில் பயணம் செய்து, முன்பு வாழ்ந்தவர்களின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு இறைவன் பல அத்தியாயங்களில் திரும்பத் திரும்ப ஏவுகின்றான். வீட்டுக்குள் அமர்ந்து ஏட்டைப் புரட்டுவதோடு அறிவு நிறைவு பெறுவதில்லை. காலும் நடக்க வேண்டும். கண்ணும் காண வேண்டும். கண்டதைக் கல்பு என்னும் உள்ளம் வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

இதற்கு நேர்மாறானது போல் தோன்றும் ஒரு நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 630-இல், கடுங்கோடையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுடன் தபூக்கை நோக்கிச் சென்றார்கள். வழியில் ஹிஜ்ர் என்னும் பள்ளத்தாக்கு வந்தது. ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் எச்சரிக்கையைப் புறக்கணித்து அழிந்துபோன ஸமூது கூட்டத்தார், மலைகளைக் குடைந்து வீடு சமைத்து வாழ்ந்த இடம் அது. அநீதி இழைத்து வேதனைக்கு உள்ளானவர்களின் இருப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களைத் தடுத்தார்கள். அவர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்துவிடக் கூடாது என்று காரணமும் கூறினார்கள். பிறகு தம் தலையை மூடிக்கொண்டு, வாகனத்தை விரைவுபடுத்தி அப்பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். இதை அறிவிப்பவர் இப்னு உமர் (ரலி) அவர்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளிலும் இது இடம்பெற்றுள்ளது.

போய்ப் பார் என்பது ஒரு கட்டளை. நின்று பாராமல் கடந்து செல் என்பது போன்ற மற்றொரு கட்டளை. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்திக் கொள்வது?

இவ்வினா இன்று நம் குடும்பங்களுக்குள் வந்துவிட்டது. மதாயின் ஸாலிஹ் என்று வழங்கப்படும் அந்த ஹிஜ்ர், 2008-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சஊதி அரேபியாவில் அத்தகுதியைப் பெற்ற முதலிடம் அதுவே. 2019-இல் அந்நாடு உலகத்தார்க்குச் சுற்றுலா விசாவையும் திறந்துவிட்டது. உம்ராவுக்குப் புறப்படும் நம்மவர்கள், மதீனாவிலிருந்து அங்கும் ஓர் எட்டுப் போய் வரலாமா ஹஜ்ரத் என்று கேட்கின்றார்கள். கூடாது என்று சொல்லும் உலமாக்களும் உள்ளனர். படிப்பினை பெறும் எண்ணத்தோடு செல்லலாம் என்போரும் உள்ளனர். ஃபத்வா வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. போகலாமா என்ற வினா போகின்ற சிலருக்கே உரியது. பாழடைந்த இடத்தை எந்தக் கண்ணால் பார்ப்பது என்ற வினாவோ, தருமபுரியைத் தாண்டாதவர் உட்பட எல்லோருக்கும் உரியது. அதனையே இங்கு ஆராய்வோம்.

சொல்லுக்குள் இருக்கும் விடை

படிப்பினைக்கு அரபியில் 'இப்ரத்' என்று பெயர். ஐன், பே, ரே என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த சொல் அது. அவ்வேரின் முதற்பொருள் கடத்தல் என்பதாகும். ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்வது 'உபூர்'. கடக்கும் துறைக்கு 'மஅபர்' என்று பெயர். நம் தமிழகக் கடற்கரையை அரபிகள் அப்பெயராலேயே அழைத்தார்கள் என்பதை வரலாறு கற்றோர் அறிவர். அதே வேரிலிருந்து 'அப்ரத்' என்னும் சொல்லும் வருகின்றது. அதன் பொருள் கண்ணீர்.

காண்பதில் தேங்கி நிற்காமல், கண்ட பொருளிலிருந்து தன் நிலைக்குக் கடந்து வருவதே இப்ரத். அவ்வாறு கடந்து வருபவனுக்கு அப்ரத்தாகிய கண்ணீர் தானே வரும். எனவே நபிகளார் (ஸல்) அவர்களின் தடை, பார்க்கும் கடமைக்கு எதிரானதன்று. பார்க்கும் முறையைக் கற்பிப்பது. அழுகின்றவன் வேடிக்கை பார்ப்பதில்லை. அவன் அழிந்தவனைப் பார்த்துவிட்டுத் தன்னை நோக்கித் திரும்பிவிட்டான். இவ்வுலகில் அந்நியனைப் போல, அல்லது வழியைக் கடப்பவனைப் போல இருக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் தோளைப் பிடித்து அறிவுறுத்தியதும் அதே இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத்தான். வழியைக் கடப்பவன் என்பதற்கு அங்கே ஆளப்பட்ட சொல்லும் இவ்வேரிலிருந்தே வந்தது.

ஹிஜ்ர் என்னும் பெயரும் சிந்திக்கத் தக்கது. ஹே, ஜீம், ரே என்னும் எழுத்துகளிலிருந்து கல்லைக் குறிக்கும் 'ஹஜர்' வருகின்றது. அறையைக் குறிக்கும் 'ஹுஜ்ரா' வருகின்றது. தடுத்தல் என்னும் பொருளும் வருகின்றது. தகாதவற்றிலிருந்து மனிதனைத் தடுப்பதால் அறிவுக்கும் 'ஹிஜ்ர்' என்றே பெயர். அல்ஃபஜ்ர் அத்தியாயத்தின் 5-ஆம் வசனத்தில் இச்சொல் அறிவு என்னும் பொருளில் வருகின்றது. அடுத்துச் சில வசனங்களில், 9-ஆவதாக, பள்ளத்தாக்கில் பாறைகளைக் குடைந்த ஸமூது கூட்டத்தார் நினைவூட்டப்படுகின்றனர். கல்லைக் குடையும் திறமை அவர்களிடம் இருந்தது. தம்மைத் தடுக்கும் அறிவு இல்லை.

பாறையில் எழுதப்பட்டிருப்பது

இன்று ஹிஜ்ருக்குச் செல்பவர் காண்பது என்ன? மணற்பாறைக் குன்றுகளின் முகத்தில் செதுக்கப்பட்ட 111 பெரிய குடைவுகள். அவற்றில் 94 சிற்ப வேலைப்பாடு கொண்டவை. அங்குள்ள கல்வெட்டுகளை ஆய்ந்த அறிஞர்கள், இவை நபத்தீயர் என்னும் அரபு வணிகச் சமூகத்தார் கி.மு. முதல் நூற்றாண்டிலும் கி.பி. முதல் நூற்றாண்டிலும் குடைந்த கல்லறைகள் என்கின்றனர். ஸமூதின் பெயரோ கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் அசீரிய அரசன் இரண்டாம் ஸர்கோனின் குறிப்புகளிலேயே காணப்படுகின்றது. ஆகவே கண்முன் நிற்கும் இந்த முகப்பைச் சுட்டி, ஸாலிஹ் நபியை எதிர்த்தவன் வீடு இதுதான் என்று கைநீட்டிச் சொல்ல இயலாது.

இது கேட்டு ஈமான் கொண்ட உள்ளம் கலங்க வேண்டியதில்லை. இன்ன வாசல் இன்னாருடையது என்று அடையாளம் காட்டுவதற்காக வேதம் அருளப்படவில்லை. அப்பள்ளத்தாக்கைக் கடந்த தோழர்களிடமும் விரலை நீட்டுமாறு கேட்கப்படவில்லை. விழி கசியுமாறுதான் கேட்கப்பட்டது.

அக்கல்லறைகளின் வாயில்களில் உள்ள வாசகங்கள் உண்மையிலேயே விழியைக் கசியச் செய்பவை. இக்கல்லறை இன்னாருக்கும் அவர் மக்களுக்கும் உரியது, இதனை விற்பவனும் வேறொருவரை இதில் புதைப்பவனும் தண்டம் செலுத்த வேண்டும், சாபத்துக்கும் ஆளாவான் என்று பத்திரம் எழுதுவது போல் எழுதியிருக்கின்றார்கள். உடைமையின் மீது அவ்வளவு பற்று. இன்று உடையவரும் இல்லை; வாரிசும் இல்லை. 'கஸ்ருல் ஃபரீத்' என்ற தனிப் பாறையொன்று உண்டு. மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கொண்டு வந்தவர்கள் அடிப்பகுதியை முடிக்காமலே விட்டுவிட்டார்கள். பிற்காலத்தார் அதற்கு இட்ட பெயரின் பொருள் தனித்த அரண்மனை என்பது. உள்ளதோ, முடிக்கப்படாத ஒரு கல்லறை.

நபத்தீயர் அரசு கி.பி. 106-இல் ரோமரிடம் போயிற்று. பாலைவன எல்லையில் இருந்த இவ்வூரின் மதிலைப் புதுப்பித்த செய்தியைக் கூறும் 175–177 ஆண்டுகளைச் சேர்ந்த லத்தீன் கல்வெட்டொன்றும் இங்கே கிடைத்துள்ளது. பின்னர் துருக்கியர் ஹாஜிகளின் பாதுகாப்புக்கு இங்கே கோட்டை அமைத்தனர். 1908-இல் மதீனாவை எட்டிய ஹிஜாஸ் இரயில்பாதை இவ்வழியே சென்றது. இந்திய முஸ்லிம்களும் பொருளுதவி செய்த பாதை அது. முதல் உலகப்போருக்குப் பிறகு அதுவும் பாழ்பட்டது. வழிகெட்டவர்களின் சின்னமும் ஹாஜிகளைச் சுமந்த நற்பணியின் சின்னமும் அருகருகே மணல் மூடிக் கிடந்தன. பாழடைந்த எல்லாமே பாவத்தின் கூலி என்று எண்ணுவோருக்கு அவ்விடமே மறுமொழி கூறுகின்றது.

நம் வாசலில் உள்ள கணவாய்

அரேபியப் பாலைவனத்தை விட்டு நம் பக்கம் வருவோம். தருமபுரியிலிருந்து சேலத்துக்குச் செல்லும் வழியில் மலை இறங்கும் இடம் தொப்பூர்க் கணவாய். பாரமகால் என்று வழங்கிய வடபுலத்துக்கும் சேலத்துச் சமவெளிக்கும் நடுவிலுள்ள வாசல் இது. இதுவும் ஒரு மஅபர். 1790 நவம்பரில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, கும்பெனிப் படைகளின் பிடியில் சிக்காமல் திப்பு சுல்தானின் படை தெற்கே இறங்கியது இக்கணவாய் வழியாகத்தான். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகாலும் சேலமும் கும்பெனியார் வசமாயின. 1799-இல் திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே ஷஹீதானார்.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்நிலம் தகடூர் எனப்பட்டது. தொப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையிலுள்ள அதியமான்கோட்டையின் பெயரில் அதியமான் மரபு இன்றும் வாழ்கின்றது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த நெடுமான் அஞ்சியைத் தமிழ் படித்த பிள்ளைகள் அறிவார்கள். பேரரசர் அசோகர் தம் எல்லைக்கு அப்பாலிருந்த அண்டை அரசர்களைக் குறிப்பிடும்போது சத்தியபுத்திரர் என்ற பெயரையும் சேர்த்துப் பொறித்தார். அவர்கள் யாவர் என்பது நெடுங்காலம் ஆராய்ச்சிக்குரியதாகவே இருந்தது. 1981-இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், ஒரு குன்றின் குகையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அதற்கு விடை தந்தது. சத்தியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் அக்குகை என்பது அதன் செய்தி.

இதுவும் பாறை வீடுதான். ஆனால் அரசன் தனக்கென்று குடைந்துகொண்டதன்று. பற்றற்ற துறவியர் தங்குவதற்காகக் கொடுத்தது. அத்தகைய சமண முனிவர்களின் உறைவிடத்துக்கு அன்றைய தமிழர் இட்டு வழங்கிய பள்ளி என்னும் சொல், பின்னர்க் கல்வி கற்கும் இடத்துக்குப் பள்ளிக்கூடமாயிற்று. நாம் ஸுஜூது செய்யும் இடத்துக்குப் பள்ளிவாசலாயிற்று. கல் ஒன்றுதான். தன் பாதுகாப்புக்காகக் குடைந்தவனுக்கு அது குற்றச்சாட்டாயிற்று. பிறருக்கு நிழலாகக் கொடுத்தவனுக்கு அது நற்சான்றாயிற்று.

அப்படிக் கொடுத்தவனின் தகடூரும் நிலைக்கவில்லை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அதனை வென்றான். அழிவு என்றாலே இறைக் கோபம் என்று முடிவு கட்டினால், அதியமானை என்ன சொல்வது? திப்புவை என்ன சொல்வது? அவ்வளவு தூரம் போவானேன்? உஹதில் சிந்திய இரத்தத்தை என்ன சொல்வது? ஹிஜ்ரி 61-இல், கி.பி. 680-இல், கர்பலாவில் வெட்டுண்டு வீழ்ந்த பெருமானாரின் பேரரை என்ன சொல்வது? இன்ன கூட்டத்தார் இன்ன குற்றத்துக்காக அழிக்கப்பட்டனர் என்று வஹீ அறிவித்தால் நாம் நம்புகிறோம். வஹீ அறிவிக்காத இடத்தில் தீர்ப்புக் கூறும் அதிகாரம் நமக்கு இல்லை.

இன்று இக்கணவாயில் லாரிகளும் பேருந்துகளும் இடையறாது இறங்குகின்றன. இறக்கத்தில் விபத்துகள் நேர்ந்து உயிர்கள் போகின்றன. அவ்வேளையில் கூடி நின்று வேடிக்கை பார்ப்பவன் இருக்கின்றான். செய்த வினை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகின்றவனும் இருக்கின்றான். இறங்கி ஓடிக் கை கொடுப்பவன் மட்டுமே, வீழ்ந்தவனிலிருந்து தனக்குக் கடந்து வந்தவன். பழைய பாழைப் பார்க்கும் கண்ணும் புதிய துயரைப் பார்க்கும் கண்ணும் வேறுவேறல்ல.

பெருமை என்னும் திரை

பார்வையை மறைக்கும் மற்றொரு திரை பெருமை. ஸமூதின் பாழைக் கண்டால் அவர்கள் காஃபிர்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். நம்மவர் கட்டிய கோட்டையைக் கண்டால் நாங்கள் ஆண்டவர்கள் என்று மார்தட்டுகிறோம். இரண்டிலும் படிப்பினை நம்மீது படாமல் தவறிவிடுகின்றது.

இவ்விடத்தில் இப்னு பதூதாவை நினைவுகூர வேண்டும். 1326-இல் டமாஸ்கஸ் ஹாஜிகளுடன் ஹிஜ்ரைக் கடந்தவர் அவர். செந்நிறப் பாறைகளில் குடைந்த வீடுகளையும், நேற்றுச் செதுக்கியவை போன்ற அவற்றின் நிலைகளையும் கண்டு எழுதினார். அங்கே நீர் மிகுதியாக இருந்தும், எவ்வளவு தாகம் எடுத்தாலும் ஹாஜிகள் எவரும் அதைப் பருகுவதில்லை என்பதையும் பதிவு செய்தார். அதே பதூதா 1340-களில் நம் மஅபருக்கு வந்தார். மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு மணவழி உறவினர். அவருக்கு விருந்தளித்து உபசரித்தவர். ஆயினும், சிறைப்பட்ட எளிய மக்களைப் பெண்டு பிள்ளைகளோடு கொன்ற அச்சுல்தானின் கொடுமையைப் பதூதா மறைக்கவில்லை. எந்த அரசனிடமும் காணாத இழிசெயல் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார். உறவும் மார்க்கமும் உபசாரமும் அவர் கண்ணைக் கட்டவில்லை. ஹிஜ்ரைக் கடந்த கண் அவ்வாறுதான் இருக்க வேண்டும். நம்மவர் செய்த அநீதியையும் அநீதி என்று காண மாட்டாதவன், ஸமூதின் பாழுக்கு ஆயிரம் முறை போய் வந்தாலும் அதைக் கண்டவனாக மாட்டான்.

தண்ணீரின் முறை

ஸமூது கூட்டத்தாரின் குற்றம் யாது? இறைவனை மறுத்ததும் செருக்கித் திரிந்ததும் வேரான குற்றங்கள். அக்குற்றம் வெளிப்பட்ட இடமோ ஒரு நீர்த்துறை. இறைவனின் அத்தாட்சியாக வந்த பெண் ஒட்டகத்துக்கு ஒரு நாள், ஊராருக்கு ஒரு நாள் என்று தண்ணீர் முறை வகுக்கப்பட்டது. மலையைக் குடையும் வலிமை பெற்றிருந்தவர்களுக்கு ஒரு வாயில்லாப் பிராணியின் முறையைப் பொறுக்க முடியவில்லை. அதன் கால் நரம்பை வெட்டிக் கொன்றார்கள். வெட்டியவன் ஒருவனே, ஆயினும் வேதம் வெட்டினார்கள் என்று பன்மையிலும் பேசுகின்றது. ஊர் முழுவதும் உடன்பட்டிருந்தமையால் குற்றம் ஊர் முழுவதற்கும் ஆயிற்று.

ஹிஜ்ரில் நபிகளார் (ஸல்) அவர்கள் இட்ட மற்றொரு கட்டளையை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்குள்ள கிணறுகளில் இறைத்த நீரைக் கொட்டிவிடுமாறும், அந்நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போட்டுவிடுமாறும் கூறினார்கள். பிறகு, அந்தப் பெண் ஒட்டகம் நீர் அருந்தி வந்த கிணற்றிலிருந்து இறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். முறையைப் பறித்தவர்களின் கிணறு விலக்கப்பட்டது. முறை பறிக்கப்பட்ட உயிரின் கிணறு அனுமதிக்கப்பட்டது. அப்பள்ளத்தாக்கில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அக்கிணற்றடியில் இருக்கின்றது. சிற்ப முகப்புகளில் அன்று.

தருமபுரிச் சீமையில் வாழ்பவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மழை குறைந்த மண். பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்களையும் எலும்புகளையும் கெடுத்தமையால், காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே தேவைப்பட்டது. பங்குக் கிணற்றில் நாள் வைத்து முறைத்தண்ணீர் பாய்ச்சும் வழக்கத்தை நம் முன்னோர் சிறுவயதிலேயே பழகியிருந்தனர். முறை தவறினால் அண்ணன் தம்பிக்குள்ளும் வெட்டுக் குத்து நேரும். வசதி படைத்தவன் ஆழ்துளைக் கிணறு ஒன்றை மேலும் மேலும் ஆழமாக இறக்குகின்றான். அடுத்த காட்டுக்காரனின் திறந்த கிணறு வற்றுகின்றது. சட்டம் அவனைக் கேட்காமல் இருக்கலாம். ஊரும் வாய் மூடியிருக்கலாம். ஸமூதின் ஊரும் அப்படித்தான் இருந்தது. தன் தேவைக்கு மிஞ்சிய நீரை வழிப்போக்கனுக்குத் தடுத்தவனை மறுமையில் இறைவன் ஏறிட்டும் பாரான் என்பது நபிமொழியின் கருத்து.

ஸமூதார் ஒட்டகத்தை வெட்டினார்கள். நம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களுக்கு எடுத்த கற்கள் தருமபுரிப் பகுதியில் மிகுதி. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அந்த நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்லில் பொறித்திருக்கின்றார்கள். அவர்கள் வணங்கிய முறை நம்முடையதன்று. எனினும், வாயில்லா உயிரின் நன்றியைப் பெயரிட்டு நினைத்த நெஞ்சத்தை நாம் மதிக்கக் கடமைப்பட்டவர்கள். மாளிகைகளுக்குச் சொந்தக்காரர்கள் யாரென்று தெரியாமல் போயிற்று. ஒரு நாயின் பெயர் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக நிற்கின்றது.

ஆகவே, ஹிஜ்ருக்குப் போகலாமா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுண்டு: உங்கள் கிணற்றில் பக்கத்து வீட்டாருக்கு முறை இருக்கின்றதா? உங்கள் வீட்டின் உறுதி யாருடைய தாகத்தின் மேல் நிற்கின்றது? இவ்வினாவைச் சுமந்துகொண்டு செல்பவர், அங்குப் படம் எடுத்துக்கொள்ளும் அவசரத்தில் இருக்க மாட்டார். அவர் கண் தானே நனையும். அவ்வாறு செல்ல இயலாதவர் தலையை மூடிக்கொண்டு கடந்துவிடுவதே நலம். பணவசதி இல்லாமையால் செல்ல இயலாதவர் வருந்த வேண்டியதில்லை. அதியமான்கோட்டையும் தொப்பூர்க் கணவாயும் அருகிலேயே இருக்கின்றன. அவற்றினும் அருகில், வீட்டு முற்றத்தில், தண்ணீர்க் குடம் இருக்கின்றது. அதில் யாருக்குரிய முறை சேர்ந்திருக்கின்றது என்று பார்த்துவிட்டுப் பருகுங்கள்.